இட்லிப் பொட்டலமும் அடுத்த இருக்கைக்காரரும்: விமானத்துக்குச் சாப்பாடு கட்டும் முறை

ரயிலில் சாப்பாட்டுப் பையைப் பிரித்தால் எதிர் இருக்கைப் பிள்ளைக்கும் ஒரு இட்லி போகும். நம் பக்கத்து வழக்கம் அது, குறை சொல்ல ஒன்றுமில்லை. விமானத்தில் மட்டும் அந்தக் கையைக் கொஞ்சம் அடக்க வேண்டும். நிலக்கடலை, முந்திரி, எள், மீன், முட்டை, பால், கோதுமை என்று ஏதோ ஒன்று உடம்புக்கு ஆகாதவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். ரயிலில் மூச்சுத் திணறினால் அடுத்த நிலையத்தில் இறக்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம். முப்பதாயிரம் அடி உயரத்தில் அதற்கு வழியில்லை.

முதல் தடவை விமானம் ஏறுபவர்களுக்காக எழுதியது இது. தூத்துக்குடி விமான நிலையம் இருக்கிற வாகைகுளத்திலிருந்து சென்னை போகிறவர்களுக்கும், மதுரை அல்லது திருவனந்தபுரம் போய் வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ ஏறுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

காற்றா, கையா?

யாரோ நாலு வரிசை தள்ளிக் கடலைப் பொட்டலத்தைப் பிரித்தால் அதன் வாசனையிலேயே ஒவ்வாமை வந்துவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் கேட்டுக்கொண்டதன் பேரில் மருத்துவர்கள் அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்து 2024-இல் வெளியிட்டார்கள். விமானத்தின் காற்றோட்ட அமைப்பு வழியாக நிலக்கடலை, முந்திரி பாதாம் போன்ற பருப்புக் கொட்டைகளின் துகள் பரவுவதற்கு ஆதாரம் இல்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. பெரிய ஜெட் விமானங்களில் காற்று மேலிருந்து இறங்கிக் கால் பக்கம் உறிஞ்சப்படுகிறது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை முழுக் காற்றும் மாறிவிடுகிறது. திரும்பி வரும் பங்கு நுண்வடிகட்டி வழியாகத்தான் வருகிறது. வாசனை வேறு, ஒவ்வாமை உண்டாக்கும் புரதம் வேறு.

அப்படியானால் ஆபத்து எங்கே இருக்கிறது? கையில். கடலை மிட்டாய் தின்ற விரல் சாப்பாட்டுத் தட்டில் படும், கைப்பிடியில் படும், பெல்ட் கொக்கியில் படும், திரையில் படும். அடுத்த பயணத்தில் அதே இருக்கையில் ஒரு மூன்று வயதுப் பிள்ளை உட்கார்ந்து, தட்டைத் தடவிய விரலை வாயில் வைக்கும். சாப்பிட்டவர் அதற்குள் வீடு போய்ச் சேர்ந்திருப்பார். ஆகவே பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்துக் கவனமாக இருப்பது பாதி வேலைதான். நீங்கள் எழுந்துபோன பின் அந்த இருக்கை எப்படி இருக்கிறது என்பது மீதிப் பாதி.

மீனுக்கு மட்டும் கணக்கு வேறு. மீனைப் பொரிக்கும்போதும் அவிக்கும்போதும் எழும் ஆவியில் புரதம் கலந்து வரும். ஆறிய மீன் துண்டில் அந்த அளவுக்கு இல்லை. ஆனாலும் மூடிய கூண்டுக்குள் நெத்திலிக் கருவாட்டை யாரும் பிரிக்கப் போவதில்லை என்று நம்புவோம்.

கடலை என்ற ஒரு சொல்

பட்டியல் போடும் முன் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். நாம் ‘கடலை’ என்பது எது? நிலக்கடலையும் கடலைதான். பொரிகடலையும் கடலைதான். சுண்டலுக்குப் போடுகிற கொண்டைக்கடலையும், தாளிக்கிற கடலைப்பருப்பும், பஜ்ஜிக்குக் கரைக்கிற கடலைமாவும் கடலைதான். உலகம் முழுக்க விமானத்தில் எச்சரிக்கை தருவது நிலக்கடலைக்கு. மற்றவை கொண்டைக்கடலைக் குடும்பம். சிலருக்கு அதுவும் ஆகாது என்றாலும் இரண்டும் ஒன்றல்ல.

கடையில் “இதுல கடலை கெடக்கா?” என்று கேட்டால் பொரிகடலையை நினைத்து “ஆமா” என்பார்கள், அல்லது கடலைமாவை மறந்துவிட்டு “இல்ல” என்பார்கள். “அண்ணாச்சி, இதுல நிலக்கடல போட்டிருக்கா? கடல எண்ணெயில சுட்டதா?” என்று இரண்டு கேள்வியாகக் கேளுங்கள். முந்திரிக்கும் அப்படியே. அண்டிப்பருப்பு என்றும் கொல்லாம்பருப்பு என்றும் சொல்கிற ஊர்களில் அந்தப் பெயரையும் சேர்த்துக் கேட்க வேண்டும். முந்திரிக்கொத்து என்ற பெயரைக் கேட்டுப் பயந்துவிடவும் வேண்டாம். அது பாசிப்பயறும் கருப்பட்டியும் தேங்காயும் அரிசிமாவும். பெயரில் உள்ள முந்திரி பெரும்பாலும் உள்ளே இருக்காது.

நம் ஊர்ப் பண்டங்களில் என்ன ஒளிந்திருக்கிறது

திருநெல்வேலி அல்வாவின் உடம்பே கோதுமைப் பால். அதோடு நெய், அதாவது பால் பொருள். பல கடைகளில் முந்திரியும் விழும். முதலூர் மஸ்கோத் அல்வா மைதாவும் தேங்காய்ப்பாலும், மேலே முந்திரியும். தூத்துக்குடி மக்ரூன் முட்டை வெள்ளையும் முந்திரித் தூளும் சீனியும் சேர்ந்தது. வாயில் கரையும் அந்தப் பண்டம் கையிலும் சட்டையிலும் மாவாக உதிரும். இந்த வரிசையில் விமானத்துக்குள் பிரிக்கவே கூடாதது எது என்றால் மக்ரூன்தான் என்பேன். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய கோவில்பட்டி கடலை மிட்டாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது நிலக்கடலையும் வெல்லப் பாகும்தான். இவற்றைக் கொண்டுபோகத் தடையில்லை. பெட்டிக்குள் வையுங்கள், வீடு போய்ப் பிரியுங்கள்.

காரத்தில் தட்டையைப் பாருங்கள். சிலர் பொரிகடலை போடுவார்கள், சிலர் நிலக்கடலையை உடைத்துப் போடுவார்கள். மிக்சரில் இரண்டும் இருக்கும். காராச்சேவு கடலைமாவுதான் என்றாலும் மிக்சர் பொரித்த அதே சட்டியில் பொரித்ததாக இருக்கலாம்.

ஒளிந்திருப்பதில் கெட்டிக்காரன் எள். இட்லிப்பொடியில் வறுத்த எள், அதைக் குழைக்க நல்லெண்ணெய், புளிச்சாதத்தில் நல்லெண்ணெய், கைமுறுக்கில் எள், அதிரசத்தில் எள். நம் நாட்டுப் பொட்டல உணவுச் சட்டத்தில் கட்டாயம் குறிப்பிட வேண்டிய ஒவ்வாமைப் பொருள்களின் பட்டியலில் கோதுமை வகை, இறால் நண்டு வகை, பால், முட்டை, மீன், நிலக்கடலையும் பருப்புக் கொட்டைகளும், சோயா ஆகியவை உண்டு. எள் அதில் இல்லை. அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள் ஒன்பதாவது முக்கிய ஒவ்வாமைப் பொருள். ஐரோப்பிய ஒன்றியத்தின் பதினான்கில் எள்ளும் உண்டு, கடுகும் உண்டு. நம் ஊர் முறுக்குப் பொட்டலத்தின் எச்சரிக்கை வரியில் எள் பெயர் இல்லை என்பதற்காக உள்ளே எள் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மூலப்பொருள் பட்டியலை முழுக்க வாசியுங்கள்.

எண்ணெயிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆலையில் நன்றாகச் சுத்திகரித்த எண்ணெயில் புரதம் அநேகமாக எஞ்சாது. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் எஞ்சும். உடம்புக்கு நல்லது என்று நாம் தேடி வாங்குகிற அதே எண்ணெய்தான் ஒவ்வாமைக்காரருக்கு ஆகாதது.

இன்னொன்று பெருங்காயம். கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். “அரிசிப் பண்டம்தானே” என்று கோதுமை ஆகாதவருக்குப் புளிச்சாதம் கொடுத்து மாட்டிக்கொள்வது இதனால்தான்.

எதைக் கட்டலாம்

மூன்று சோதனை வையுங்கள். உதிரக் கூடாது. வடியக் கூடாது. நிலக்கடலை, முந்திரி, எள், மீன், முட்டை இருக்கக் கூடாது. பாலும் கோதுமையும் இல்லாமல் முடிந்தால் இன்னும் நல்லது. சப்பாத்தி கட்டுகிறவரை யாரும் குறை சொல்லப் போவதில்லை.

எள்ளில்லாப் பொடி தடவிய இட்லிதான் இந்தச் சோதனையில் முதலாவதாக வரும். பொடிக்குக் கறுப்பு உளுந்து 1 கப், கடலைப்பருப்பு அரை கப், புழுங்கலரிசி 1 மேசைக்கரண்டி, வற்றல் மிளகாய் 15, கல்லுப்பு 2 தேக்கரண்டி. தனித்தனியே வறுத்து, ஆறவிட்டுக் கொரகொரப்பாகத் திரியுங்கள். எள் தருகிற மணத்தை உளுந்தை நன்றாகச் சிவக்க வறுத்து ஈடுகட்டலாம். அரிசி அந்தக் கொரகொரப்பைத் தரும். பெருங்காயம் போடாவிட்டால் கோதுமைக் கவலையும் இல்லை.

நாலு இட்லிக்கு 3 தேக்கரண்டி பொடி, 4 தேக்கரண்டி எண்ணெய். பொடியை முதலில் கிண்ணத்தில் எண்ணெய் விட்டுக் குழைத்து, அந்த விழுதை இட்லியின் இரண்டு பக்கமும் தடவுங்கள். இட்லிமேல் எண்ணெய் தடவிப் பிறகு பொடியைத் தூவினால் ஒட்டாத பொடி மடியில் கொட்டும். என்ன எண்ணெய்? தேங்காய் எண்ணெய் மணமாகத்தான் இருக்கும். ஆனால் 24 டிகிரிக்குக் கீழே அது உறையும், விமானத்தின் குளிரில் இட்லிமேல் வெள்ளைப் படலமாக நிற்கும். சூரியகாந்தி எண்ணெய் போதும்.

புளிச்சாதமும் நன்றாகத் தாங்கும். இரண்டு பேருக்கு 200 கிராம் அரிசி, எலுமிச்சம்பழ அளவு புளி, 3 மேசைக்கரண்டி சூரியகாந்தி எண்ணெய். நிலக்கடலைக்குப் பதில் கடலைப்பருப்பை 1 மேசைக்கரண்டி, பத்து நிமிடம் ஊறவைத்து வடித்து, பொன்னிறமாகப் பொரித்துப் போட்டால் அதே கடிப்புக் கிடைக்கும். ஊறவைக்காமல் போட்டால் ஆறியதும் கல்லாகிப் பல்லைப் பதம் பார்க்கும்.

உப்புமாக் கொழுக்கட்டை கையில் ஒட்டாது, உதிராது, ஒரு வாயில் முடியும். ஆனால் தேங்காய்ப்பூ சேர்த்தால் நம் வெயிலுக்கு நாலைந்து மணி நேரத்தில் ஊசிவிடும். சென்னைப் பயணத்துக்குச் சரி, துபாய்க்குச் சரிப்படாது. தயிர்ச்சாதமும் அதே கதை, போதாததற்குப் பால் பொருள்.

பழம் எளிது. நாட்டு வாழைப்பழம் இரண்டு. வெளிநாடு போகிறவர்கள் இறங்கும் முன் தின்று முடித்துவிட வேண்டும். மிச்சப் பழத்தோடு சுங்கத்தில் நிற்காதீர்கள்.

சமைக்கும் வரிசை

மிக்சி ஜாடியைக் கவனியுங்கள். நேற்று நிலக்கடலைச் சட்னி அரைத்த ஜாடியில் இன்று பொடி திரித்தால், மூடியின் ரப்பர் வளையத்துக்கு அடியில் இருக்கும் மிச்சம் பொடியில் கலக்கும். வளையத்தைக் கழற்றி சோப்புப் போட்டுக் கழுவுங்கள். விமானச் சாப்பாட்டை முதலில் சமைத்துக் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, ஊருக்குக் கொண்டுபோகும் பலகாரங்களைப் பிறகு எடுங்கள். வரிசை மாறினால் மிக்சர் அள்ளிய கைதான் இட்லியையும் எடுக்கும்.

கெட்டுப்போவதற்கு முக்கியக் காரணம் அவசரம். சூடாக மூடினால் ஆவி மூடியில் தட்டித் தண்ணீராக இறங்கும், அந்த ஈரத்தில்தான் சோறு ஊசும். அகலத் தாம்பாளத்தில் பரப்பி, விசிறிக்குக் கீழே அரை மணி நேரம் ஆறவிட்டுக் கட்டுங்கள்.

நேரக் கணக்கை அடுப்பை அணைத்த நொடியிலிருந்து போடுங்கள், விமானம் கிளம்பும் நேரத்திலிருந்து அல்ல. அம்பாசமுத்திரத்தில் காலை 5 மணிக்குக் கட்டினால், திருவனந்தபுரம் போய்ச் சேர மூன்றரை நாலு மணி நேரம், வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக உள்ளே போக வேண்டும், பிறகு வளைகுடாவுக்கு நாலு மணி நேரத்துக்கு மேல். விமானம் இறங்கும்போது இட்லிக்குப் பதினோரு மணி நேரம் ஆகியிருக்கும். பொடி இட்லியை எட்டு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். புளிச்சாதத்துக்கு இன்னும் கொஞ்சம் தவணை உண்டு.

கட்டுவது

வாட்டிய வாழையிலை, அதன்மேல் பட்டர் பேப்பர், பிறகு இறுக மூடுகிற எவர்சில்வர் டப்பா. செய்தித்தாள் வேண்டாம். மை எண்ணெயில் ஊறிச் சாப்பாட்டில் இறங்கும். ஒரு டப்பாவில் நாலு பேருக்கு வைத்துக் கை மாற்றி எடுப்பதைவிட, ஆளுக்கு ஒரு சின்னப் பொட்டலம் நல்லது. மடியில் வைத்துப் பிரிக்கலாம், தட்டில் படாது, தின்றதும் அப்படியே சுருட்டிவிடலாம்.

விமானம் பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஆறாயிரம் எட்டாயிரம் அடி மலைமேல் இருப்பது போலக் குறையும். தரையில் மூடிய பொட்டலம் பலூனாக உப்பும். எண்ணெய் டப்பா மூடியை முட்டிக் கசியும். சிப்ஸ், மிக்சர் பைகளைப் படக்கென்று இழுத்துப் பிரித்தால் உப்பிய காற்றோடு தூளும் சிதறி மூன்று இருக்கைக்குப் பறக்கும். டப்பாவை விளிம்புவரை நிரப்பாதீர்கள். பையை ஓரத்தில் சின்னதாகக் கிழித்துக் காற்றை விட்டபின் திறங்கள். மிக்சரை அங்கே திறக்காமல் இருப்பதே மேல்.

பலகாரப் பெட்டியை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டி, அதை இன்னொரு பையில் போட்டு, விமான நிறுவனத்திடம் ஒப்படைக்கிற பதிவுப் பெட்டியின் நடுவில் துணிக்குள் வையுங்கள். வெளியே ஒரு தாளில் “அல்வா: கோதுமை, நெய், முந்திரி” என்று எழுதி ஒட்டுங்கள். தராசில் நிறுத்துத் தருகிற அல்வாவில் அச்சடித்த லேபிள் இருக்காது. நாளைக்கு மகள் வீட்டில் அதைப் பக்கத்துப் பிள்ளைக்குக் கொடுக்கும்போது நீங்கள் எழுதிய அந்தத் தாள்தான் லேபிள்.

பாதுகாப்புச் சோதனையில் நிற்பவை

இட்லி, சாதம், சப்பாத்தி தாராளமாகப் போகும், டப்பாவைத் திறந்து காட்டச் சொல்லலாம். சட்னி, சாம்பார், தயிர் எல்லாம் நீர்மக் கணக்கு. வெளிநாட்டு விமானத்தில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் எந்தப் பாத்திரமும் போகாது. குழைந்த அல்வாவையும் சில அதிகாரிகள் அந்தக் கணக்கில் சேர்ப்பார்கள், வாசலில் நின்று வாதாட முடியாது, பெட்டியில் போட்டுவிடுங்கள். மிளகாய் ஊறுகாயும் மிளகாய்ப் பொடியும் கைப்பையில் வேண்டாம். கொப்பரைத் தேங்காய் கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது. அதில் உள்ள எண்ணெயால் தானே சூடேறித் தீப்பிடிக்கும் பொருளாகக் கணக்கு. கசகசாவை அமீரகத்துக்கும் சிங்கப்பூருக்கும் கொண்டுபோகக் கூடாது, அங்கே அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும். வீட்டில் அரைத்த குருமாப் பொடியில் கசகசா உண்டா என்று அம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எங்கே சாப்பிடுவது

வாகைகுளத்திலிருந்து சென்னைக்கு ஒன்றரை மணி நேரம் சொச்சம். அதற்குள் பசிக்காது. சோதனை முடிந்து உள்ளே போனதும் காத்திருக்கும் இடத்தில் சாப்பிட்டு, குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவி ஏறுங்கள். விமானத்துக்குள் பொட்டலத்தைப் பிரிக்காமலேயே பயணம் முடியும். இதைவிட நல்ல யோசனை இந்தக் கட்டுரையில் வேறு இல்லை. ஏடிஆர் போன்ற சின்ன விமானங்களில் ஒரு பக்கத்துக்கு இரண்டு இருக்கைதான், முழங்கை இடிக்கிற நெருக்கம். அங்கே புளிச்சாதம் பிசைவது உங்களுக்கும் சிரமம்.

நீண்ட பயணம் என்றால் உள்ளே சாப்பிடத்தான் வேண்டும். உட்கார்ந்ததும் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை: “சாப்பாடு கொண்டாந்திருக்கோம், இட்லிதான். உங்களுக்கு ஏதாச்சும் ஒத்துக்காதது உண்டா?” கேட்பதில் கூச்சம் வேண்டாம். “உண்டு” என்று அவர் சொன்னால் என்னென்ன போட்டிருக்கிறது என்று மறைக்காமல் சொல்லுங்கள். தெரியாத பொருளை “இல்லை” என்று சொல்லாதீர்கள், “தெரியல” என்பதுதான் அங்கே உதவி. ஆகாது என்றால் பொட்டலத்தை மூடி வையுங்கள், அல்லது பணிப்பெண்ணிடம் சொல்லி வேறு இருக்கை கேளுங்கள்.

பணியாளர்கள் “ஒரு பயணிக்கு நிலக்கடலை ஒவ்வாமை” என்று அறிவித்தால் உங்கள் கடலை மிட்டாய் பையிலேயே இருக்கட்டும். அறிவிப்புக்கு முன்பே தின்றுவிட்டீர்களா? ஒளிக்க வேண்டாம், அவர்களிடம் சொல்லிவிட்டுக் கையையும் தட்டையும் துடையுங்கள்.

எதைக் கொண்டு துடைப்பது என்பதும் முக்கியம். கையில் ஒட்டிய நிலக்கடலைப் புரதத்தைச் சோப்புத் தண்ணீரும் ஈரத் துடைப்பான் தாளும் நீக்குகின்றன, வெறும் தண்ணீரும் சானிடைசரும் முழுமையாக நீக்குவதில்லை என்று 2004-இல் அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு காட்டியது. சானிடைசர் கிருமியைக் கொல்லும், கடலையை என்ன செய்யும்? ஆளுக்கு நாலு ஈரத் தாள் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். கைக்கு இரண்டு, தட்டின் மேலும் கீழும் ஓரத்துக்கும் ஒன்று, கைப்பிடிக்கும் கொக்கிக்கும் ஒன்று. எச்சில் தாளையும் இலையையும் முன்னிருக்கைப் பைக்குள் செருகாதீர்கள். ஒரு பையில் போட்டு முடிச்சிட்டுப் பணியாளரிடம் கொடுங்கள்.

எதிர்ப்பட்ட பிள்ளைக்கு மிட்டாய் நீட்டுவது? தாயிடம் கேட்டபிறகுதான். அவள் “வேண்டாம்” என்றால் ஒரே தடவையில் விட்டுவிட வேண்டும். “ஒண்ணுதானே, புள்ள ஆசப்படுதுல்லா” என்ற வற்புறுத்தல் நம் ஊரில் அன்பு, அந்தத் தாய்க்கு அது வயிற்றில் புளி.

ஒவ்வாமை உள்ளவர் நம் வீட்டு ஆளாக இருந்தால்

பயணச் சீட்டு எடுக்கும்போதே நிறுவனத்திடம் சொல்லுங்கள், ஏறும் வாசலில் மறுபடி சொல்லுங்கள். கடலையே இல்லாத விமானம் என்று எந்த நிறுவனமும் உத்தரவாதம் தராது. கொஞ்சம் முன்னதாக ஏற அனுமதி கேட்டு, இருக்கையைச் சுற்றி மேலே சொன்னபடி நீங்களே துடையுங்கள். சாப்பாடு முழுக்க வீட்டுச் சாப்பாடாக இருக்கட்டும், தாமதத்துக்கு ஒரு வேளை கூடுதலாகக் கட்டுங்கள். கடும் ஒவ்வாமைக்கு மருத்துவர் கொடுத்த எபிநெஃப்ரின் ஊசியும் மருந்துச் சீட்டும் கைப்பையில், அதுவும் காலுக்கடியில் இருக்க வேண்டும். பெட்டியிலோ மேல் அடுக்கிலோ அல்ல. உதடு வீக்கம், உடம்பெல்லாம் தடிப்பு, அடுத்தடுத்து வாந்தி, மூச்சிரைப்பு என்று இரண்டு மூன்று சேர்ந்து வந்தாலோ, மூச்சிரைப்பு மட்டுமே வந்தாலோ தாமதிக்காமல் தொடையின் வெளிப்பக்கம் ஊசி போட்டு, பணியாளரை அழையுங்கள். ஆளை நடக்கவிடாமல் படுக்க வையுங்கள். மூச்சு விடச் சிரமம் என்றால் சாய்த்து உட்கார வைக்கலாம்.

திரும்பி வரும்போது

போகும்போது பார்த்துப் பார்த்துக் கட்டியவர்கள் வரும்போது மறந்துவிடுவார்கள். வளைகுடாவிலிருந்து வருகிற பையில் பிஸ்தா, பாதாம், முந்திரி, ஹேசல் கொட்டை வைத்த சாக்லேட் இல்லாமல் இருக்காது. பிஸ்தா ஓட்டை உடைத்து இருக்கைக்கடியில் போடுவதைவிடப் பெரிய தொந்தரவு இல்லை. அடுத்து ஏறுகிறவர் அதைத்தான் மிதித்து உட்காருவார். பிரிக்காத பெட்டியாகவே பதிவுப் பெட்டியில் போடுங்கள். ஊர் வந்ததும் சாக்லேட்டை ஆளாளுக்கு அள்ளிக் கொடுக்கும் முன் பின்பக்க லேபிளை ஒரு தடவை வாசித்துவிடுங்கள். அங்கே எழுத்து அரபியில் இருந்தால் பெரும்பாலும் பக்கத்திலேயே ஆங்கிலத்திலும் இருக்கும்.